கதவைத் திறந்த கை

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. எதையும் விட்டுடாதீங்க," என்றாள் அண்ணி.

சைக்கிள் டீச்சர் எதையும் விடவில்லை. அதுதான் கொழுந்தனுக்குத் தலைவலி. தலைவலி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, பாவம் மனுஷனுக்கு மூன்று நாளாகப் பல்வலி வேறு.

"செவ்வாய்க்கிழமை. மணி எட்டு முப்பத்தஞ்சு. ரெண்டாவது கியர். டயருக்குக் காத்து அன்னிக்குக் காலையிலதான் அடிச்சேன். நடைபாதையிலேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டிட்டு வந்தேன். நகைக்கடைக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கார் நின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு தடவை பெல் அடிச்சேன். விலகிக் காரைத் தாண்டப் போனப்ப ரோட்டுப் பக்கத்துக் கதவு அகலமா திறந்துச்சு. நான் கதவு மேல விழுந்தேன், சைக்கிள் என் மேல விழுந்துச்சு."

"சைக்கிள் மேல என்ன விழுந்துச்சு?" என்று கேட்டான் கொழுந்தன்.

"தண்ணி பாட்டில். மூடி இறுக்கமா இருந்ததால சிந்தல," என்றார் டீச்சர், சிரிக்காமல்.

அண்ணி கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். சலவைக்கடைக்கு மேல் இரண்டு அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு ஆடும் மின்விசிறி. இதுதான் அவர்களுடைய துப்பறியும் நிறுவனம். பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து விண்ணப்பங்களைப் படித்துப் படித்து, எழுத்தைப் பார்த்தே பொய்யை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டவள் அண்ணி. கொழுந்தன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவன். ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று பதினோரு மாணவர்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டே அந்த ஸ்கூலின் சுவரை இடித்துத் தள்ளியதிலிருந்து அண்ணியிடம் உதவியாளன். சம்பளம் குறைவு. பேச்சு மட்டும் அளவில்லாமல் ஓடும்.

டீச்சருக்கு இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. பதினெட்டு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டவும் சாலையில் ஒழுங்காகப் போகவும் சொல்லிக்கொடுப்பவர். மோதிய கார் ஒரு பல் டாக்டருடையது. டாக்டரே அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், பக்கத்திலேயே உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார். மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததுதான் வேறு கதை.

அண்ணி அந்த நகலை எடுத்து வாசித்தாள். "'என் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. காரில் நான் மட்டுமே இருந்தேன். சைக்கிளில் வந்தவர் கை காட்டாமல் திடீரென்று திரும்பி, மூடியிருந்த கதவில் மோதிவிட்டார்.'"

"கை காட்டாமலா!" டீச்சருக்குக் குரல் உடைந்தது. "எலும்பு உடைஞ்சதைக்கூடத் தாங்கிப்பேங்க. இதை என்னால தாங்க முடியல. இன்னிக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்கு இன்சூரன்ஸ் அதிகாரி கடிதத்துல கையெழுத்துப் போடறாரு. தப்பு முழுக்க என் மேலன்னு அதுல இருந்தா, திங்கக்கிழமைலேர்ந்து வர வேண்டாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கார்ல போய் மோதினவகிட்ட யாரு பிள்ளைங்களை அனுப்புவா?"

"திறந்தது முன்கதவா, பின்கதவா?" என்று கேட்டாள் அண்ணி.

"பின்கதவு."

"யாரு திறந்தது?"

டீச்சர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். "கவனிக்கலைங்க. யாரா இருந்தா என்ன? கார் நின்னுட்டு இருந்துச்சு, கதவு திறந்துச்சு. அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க. யாருன்னெல்லாம் நீங்க தேட வேண்டாம்."

எழுந்து போனவர், வாசலில் வலப்பக்கம் திரும்புவதற்கு முன் நல்ல கையை நீட்டிக் காட்டிவிட்டு, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் திரும்பினார்.

"இண்டிகேட்டர் நல்லா வேலை செய்யுது அண்ணி. நம்ம கட்சிக்காரர் சுத்தமான ஆள்," என்றான் கொழுந்தன்.

"டயருக்கு எப்போ காத்து அடிச்சாங்கன்னு ஞாபகம் இருக்கு. பாட்டில் மூடி ஞாபகம் இருக்கு. மூஞ்சிக்கு நேரா கதவைத் திறந்த ஆளை மட்டும் கவனிக்கலையாம்." அண்ணி கைப்பையை எடுத்தாள். "துப்பறியச் சொல்லிட்டு, பாதியோட நிறுத்திக்கங்கன்னு சொல்ற முதல் கட்சிக்காரர் இவங்கதான். கிளம்புங்க தம்பி. காரைப் பார்க்கலாம்."

*

கார் பட்டறையில் இருந்தது. பின்கதவு மூடாமல் தொங்கியதால் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பட்டறைக்காரர் கையில் கிரீஸும் முகத்தில் சலிப்புமாக வந்தார்.

"இன்சூரன்ஸ்காரர் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாருங்களே. வெளியில நின்னு நாலு போட்டோ எடுத்தாரு, ஒரு காபி குடிச்சாரு, கிளம்பிட்டாரு."

"கயித்தை அவிழ்த்தாரா?"

"பேனா மூடியையே அவிழ்க்கலைங்க."

அண்ணி கயிற்றை அவிழ்த்தாள். கதவு சாதாரணமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், முன்பக்கமாகச் சுழன்று போய் முன்கதவில் 'டங்'கென்று சாய்ந்தது. வெளிப்பக்கத் தகட்டில் ஒரு கீறல் கிடையாது. உள்பக்கம், கை வைக்கும் இடத்துக்கு மேலே, சைக்கிள் கைப்பிடி உரசிய மஞ்சள் கோடு ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது.

"தம்பி, ஒரு வீட்டுக் கதவு மூடியிருக்கு. நீங்க தெருவுல நின்னு அதை உதைக்கறீங்க. கால் தடம் எங்க விழும்?"

"வெளிப்பக்கம். அப்புறம் வீட்டுக்காரன் வந்து உதைச்சா என் மேல விழும்."

"அதேதான். உள்பக்கம் கோடு விழுந்திருக்குன்னா, மோதறப்ப கதவு திறந்திருக்கு. கீல் முன்பக்கமா மடங்கியிருக்குன்னா, பின்னாலேர்ந்து வந்த சைக்கிள் தள்ளியிருக்கு. ஓடற கார்ல யாரும் கதவைத் திறக்கறதில்ல. அதனால கார் நின்னுட்டுத்தான் இருந்திருக்கு." அண்ணி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சாச்சு! மணி பன்னெண்டுகூட ஆகல. சாப்பிடப் போலாமா?" என்றவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "சாப்பிடற பேச்சை எடுத்தாலே வலிக்குது அண்ணி."

"பாதிதான் ஆச்சு. டாக்டர் முன்சீட்டுல. திறந்தது பின்கதவு. அப்போ பின்சீட்டுல யாரு?"

பட்டறைக்காரர் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பை, பையின் மேல் வண்டி எண். "வண்டி உள்ள வந்ததும் சீட்டுக்கு அடியில இருக்கற குப்பை முதற்கொண்டு இதுல போட்டுடுவேன். நாளைக்கு எவனும் வந்து என் மோதிரம் காணோம், என் மூக்குக் கண்ணாடி காணோம்னு நிக்கக் கூடாது பாருங்க. ஒருத்தன் தன்னோட பொய்ப்பல்லைக் காணோம்னு வந்து நின்னான். வாயிலதாங்க இருந்துச்சு."

வெள்ளைக் காரின் பையில் இருந்தவை: ஒரு குடை, இரண்டு பல் துலக்கும் பிரஷ், மூக்கு உடைந்த பென்சில், உள்ளங்கை அளவு ஒரு சீட்டு. சீட்டில் மூன்று வரி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்.

தூரக் கை. திரும்பிப் பார். மெதுவாகத் திற.

கொழுந்தன் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான். "பல் டாக்டர் நோயாளிக்குக் கொடுக்கற சீட்டு அண்ணி. தூரக் கை, அதாவது கையைத் தூர வை, டாக்டரைத் தடுக்காதே. திரும்பிப் பார், பக்கத்துல இருக்கற தொட்டியில துப்பு. மெதுவாகத் திற, வாயை."

"முதல் ரெண்டு கட்டத்துல பென்சில்ல டிக் போட்டிருக்கு. மூணாவதுலயும் போட்டிருக்கு. அப்புறம் ரப்பர் வச்சு அழிச்சிருக்கு. காகிதம் கிழியற அளவுக்கு அழிச்சிருக்கு." அண்ணி சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. டீச்சருக்குப் போன் போட்டு, நாலரை மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்குக்கு வரச் சொன்னாள். அப்புறம் கொழுந்தன் பக்கம் திரும்பி, அவன் வாழ்க்கையில் அதுவரை பார்த்திராத அன்போடு சிரித்தாள்.

"தம்பி, உங்களுக்குப் பல்வலின்னீங்க இல்ல?"

கொழுந்தன் கன்னத்திலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான். "எப்போ சொன்னேன்? யாரு சொன்னா? இப்ப நல்லாயிடுச்சு அண்ணி!"

*

நாலேகால் மணிக்கு அவன் பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். டாக்டர் சாதுவான மனிதர், மெல்லிய குரல், கண்ணுக்குக் கீழே நாலு நாள் தூக்கம் பாக்கி. ஊசி போட்டு முடிந்ததும் கொழுந்தனுக்கு உதடு ஒரு பக்கம் மரத்துப்போய், நாக்கு யாரோ இரவல் கொடுத்த நாக்கு மாதிரி ஆகிவிட்டது. வாயால் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"பயப்படாதீங்க. வேலை என்ன பண்றீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ழூப்பழிஹறேன்," என்றான் கொழுந்தன்.

"துப்பறியறார்," என்று மொழிபெயர்த்தாள் அண்ணி, ஓரத்து நாற்காலியிலிருந்து. "நானும்தான். சைக்கிள் டீச்சர் விஷயமா வந்தோம்."

டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடி தட்டில் விழுந்தது. அண்ணி கைபேசியில் கதவின் படத்தைக் காட்டினாள். உள்பக்கத்து மஞ்சள் கோட்டைக் காட்டினாள். மடங்கிய கீலைக் காட்டினாள். டாக்டர் நாலாவது படத்துக்குக் காத்திருக்காமல் தன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"சரிங்க. கார் நின்னுட்டு இருந்துச்சு. போன் வந்துச்சுன்னு ஓரமா நிறுத்தினேன். கதவைத் திறந்தது நான்தான்."

"முன்சீட்டுல உக்காந்துக்கிட்டுப் பின்கதவையா? கை அவ்வளவு நீளமா டாக்டர்?"

"இல்ல, இறங்கிட்டேன். பின்சீட்டுல பை இருந்துச்சு. வெளியில நின்னு திறந்தேன்."

"வெளியில நின்னு திறந்திருந்தா, பின்னாலேர்ந்து வந்த சைக்கிள் முதல்ல உங்க முதுகுலதான் மோதியிருக்கும். அப்புறம்தான் கதவு. உங்க மேல ஒரு சிராய்ப்பு இல்லையே?"

கொழுந்தன் மனசுக்குள் விசில் அடித்தான். இந்த இடத்தில் சொல்வதற்கு அவனிடம் மூன்று அருமையான கிண்டல்கள் இருந்தன. மூன்றும் மரத்துப்போன உதட்டில் எச்சிலாக வழிந்தன.

அப்போது கதவு திறந்தது. நல்ல கையை நீட்டிக் காட்டிவிட்டு, திரும்பி உள்ளே வந்தார் சைக்கிள் டீச்சர். டாக்டரைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "கை காட்டலைன்னு எழுதினீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"மன்னிச்சுடுங்க டீச்சர்," என்றார் டாக்டர், கும்பிடாத குறையாக. "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். நான்தான் கதவைத் திறந்தேன்."

டீச்சர் ஒரு நொடி திகைத்தார். அடுத்த நொடி, "ஆமா! இவர்தான்! இவர்தான் திறந்தாரு, நான் பார்த்தேன்!" என்றார், பிடித்துக்கொள்ளக் கொம்பு கிடைத்த கொடி மாதிரி.

"காலையில கவனிக்கலைன்னீங்க," என்றாள் அண்ணி.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு."

"நல்லா இருக்கு கதை. நாலு நாளா எதிரும் புதிருமா நின்னவங்க, இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்றீங்க." அண்ணி சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் சின்னதாக ஒரு சைக்கிள் முத்திரை, அதற்குக் கீழே ஒரு மாணவரின் வரிசை எண். "இது நீங்க வகுப்புல கொடுக்கற வீட்டுப்பாடச் சீட்டு டீச்சர். கார்லேர்ந்து இறங்கறது எப்படின்னு. தூரக் கைன்னா, கதவுக்குத் தூரமா இருக்கற கை. அந்தக் கையால திறந்தா உடம்பு தானாத் திரும்பும். திரும்பினா பின்னால வர்ற சைக்கிள் கண்ணுல படும். சரிதானே?"

டீச்சர் சீட்டைக் கையால் மறைத்தார். வாசலோரத்து வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு ரெட்டைச் சடை மெல்ல எழுந்தது.

இரண்டாம் வகுப்பு இருக்கும். கையில் வண்ணப் பென்சில், முன்பல் ஒன்று இல்லை. டாக்டர் மகள்.

"நீ உள்ள போடா கண்ணு," என்றார் டாக்டர் அவசரமாக.

அவள் போகவில்லை. டீச்சரின் கட்டுக் கையையே பார்த்தாள். "அப்பா திறக்கல டீச்சர். நான்தான் திறந்தேன். தூரக் கையாலதான் திறந்தேன். திரும்பியும் பார்த்தேன். பார்த்தா நீங்க வர்றீங்க! நான் சரியாப் பண்றதை நீங்க பார்க்கணும்னுதான் பெரிசாத் திறந்தேன்." கிட்ட வந்து, கட்டுப் போட்ட கையை மெல்லத் தொட்டாள். "மூணாவதுக்கு நானே டிக்கை அழிச்சுட்டேன். வலிக்குதா டீச்சர்?"

கொழுந்தன் வாயோரத்து எச்சிலைத் துடைக்க மறந்தான். அதற்கு ஊசி காரணமில்லை.

டீச்சர் தரையில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். "வலிக்கலடி தங்கம். தப்பு உன்னோடது மட்டும் இல்ல. நீ தூரக் கையை வைக்கறதை நான் காரோட பின்கண்ணாடி வழியா பார்த்தேன். பதினெட்டு வருஷமா சொல்லிக்கொடுக்கறேன், ஒரு பிள்ளை நிஜமா அப்படித் திறந்து நான் பார்த்ததே இல்ல. சந்தோஷத்துல சபாஷ்னு ஒரு கையைத் தூக்கிட்டேன். ரெண்டு கையும் கைப்பிடியில இருந்திருந்தா பிரேக் பிடிச்சிருப்பேன்."

"அப்போ கை காட்டினீங்க," என்று முனகினார் டாக்டர். "காட்டவே இல்லைன்னு எழுதிட்டேனே."

"ஏன் எழுதினீங்க?" அண்ணியின் குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது. "உங்க பொண்ணைக் காப்பாத்தறதா நினைச்சு இவங்க பொழப்புல மண்ணைப் போட இருந்தீங்க. குழந்தை மேல யாரு வழக்குப் போடப் போறாங்க? கார்ல யாரு கதவைத் திறந்தாலும் பொறுப்பு ஓட்டினவருக்குத்தான். சின்னப் பிள்ளை பின்சீட்டுல இருந்தா, உள்ளேர்ந்து திறக்க முடியாத மாதிரி பூட்டைத் தள்ளி வைக்க வேண்டியதும் நீங்கதான்."

டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அதாங்க விஷயமே. வீட்டம்மா தீயணைப்பு நிலையத்துல அதிகாரி. பூட்டைப் பார்த்தீங்களா, பூட்டைப் பார்த்தீங்களான்னு தினமும் கேப்பா. நானும் தினமும் பார்த்தேன்னு சொல்வேன். நடைபாதைப் பக்கத்துக் கதவை மட்டும்தான் பார்த்தேன். ரோட்டுப் பக்கத்துல கார் கழுவறப்ப விரல் பட்டு நகர்ந்திருக்கு. தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா."

"அதனால இவங்க வேலை போனா பரவாயில்லையா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கடிதம்னு ஒண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போகும்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"இப்ப தெரிஞ்சுடுச்சு. மணி நாலு அம்பது," என்று இன்சூரன்ஸ் அதிகாரியின் எண்ணை அழுத்திக் கைபேசியை நீட்டினாள் அண்ணி.

டாக்டர் வாங்கினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும், நடுங்கிக்கொண்டேயானாலும் முழுசாகச் சொன்னார். ஒலிபெருக்கியில் இன்சூரன்ஸ் அதிகாரி கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பேனாவைத் திறந்துட்டேன் சார். நல்ல வேளை. முதல்ல எழுதினதைத் திரும்பப் பெறுகிறேன்னு இப்பவே எழுதி அனுப்புங்க. கதவைத் திறந்த பக்கம்தான் தப்பு, அது உங்க பக்கம். அந்த அம்மா மேல எதுவும் இல்ல."

"இருக்குங்க," என்றார் டீச்சர்.

அண்ணி கண்ணால் ஜாடை காட்டினாள். கொழுந்தன் "ழேண்டாம்! ழேண்டாம்!" என்று கையை ஆட்டினான். டீச்சர் ரெண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. "நான் ஒரு கையை விட்டுட்டு ஓட்டினேன். அதையும் எழுதிக்கங்க."

மறுமுனையில் அதிகாரி பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "என் சர்வீஸ்ல இப்படி யாரும் வலிய வந்து சொன்னதில்லைம்மா. சரி, பத்துல ஒரு பங்குன்னு போடறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிரச்சினை வராதே?"

"பத்துல ஒன்பது என் மேல இல்லையே, அது போதும். அந்த ஒரு பங்கை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே சொல்றேன். திங்கக்கிழமை முதல் பாடமே அதுதான். எவ்வளவு சந்தோஷம் வந்தாலும் ரெண்டு கையும் கைப்பிடியில இருக்கணும்." டீச்சர் பேச்சை முடித்தபோது முகத்திலிருந்து நாலு நாள் களைப்பும் இறங்கியிருந்தது.

ரெட்டைச் சடை அவர் புடவையைப் பிடித்து இழுத்தது. "அப்போ என் மார்க் டீச்சர்?"

டீச்சர் மேஜையிலிருந்த சீட்டை எடுத்தார். வண்ணப் பென்சிலை வாங்கினார். யோசித்தார். பாசம் வேறு, மார்க் வேறு என்பது அவர் கட்சி. "கை சரி. கண் சரி. கதவு தப்பு. மூணுக்கு ரெண்டு."

"உங்களுக்கு?"

"எனக்கு மூணுக்கு ஒண்ணு."

"அப்பாவுக்கு?"

யாரும் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி ஜன்னல் வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சீருடையில் ஒரு பெண்மணி இன்ஜினை அணைத்தாள். தூரத்துக் கையைக் கதவில் வைத்தாள். உடம்பைத் திருப்பிப் பின்னால் நிதானமாகப் பார்த்தாள். ஒரு சைக்கிள் கடந்து போகும்வரை காத்திருந்தாள். அப்புறம் கதவை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து இறங்கினாள்.

"அம்மாவுக்கு மூணுக்கு மூணு!" என்று கத்தினாள் மகள். "அம்மா! அப்பாவுக்கு நீ வந்து மார்க் போடு!"

டாக்டர் கொழுந்தனின் தோளைத் தொட்டார். "கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?" என்றார் தழுதழுத்த குரலில். கொழுந்தன் எழுந்தான். டாக்டர் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்தார்.